மூணு மாசம் கழிச்சு வாங்க!

2022 ஜனவரி. ஞாபகம் இருக்கிறதா? பொங்கலுக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டில் இருமல். பொங்கலன்று எதிர் வீட்டில் இருமல். காணும் பொங்கலன்று நம் வீட்டிலேயே இருமல். ஓமிக்ரான் அப்படித்தான் வந்தது. காலிங் பெல்கூட அடிக்காமல் நேரே சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் அப்பாவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 68. சர்க்கரை உண்டு. நான்கு நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், கொஞ்சம் உடம்பு வலி. அப்புறம் எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார். சரி, குணமாகிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில் போனில் டிங் என்று ஓர் எஸ்.எம்.எஸ். நீங்கள் முன்னெச்சரிக்கை டோஸ் போட்டுக்கொள்ளத் தகுதியானவர், வாருங்கள் என்று கோவின் கூப்பிடுகிறது. முந்தைய ஏப்ரலில் இரண்டாவது ஊசி. அதற்கு மேல் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. கணக்கு சரிதான்.

வீட்டில் உடனே பட்டிமன்றம். 'இப்பத்தான் வந்துட்டுப் போச்சே, இன்னும் எதுக்குங்க ஊசி?' என்று அம்மா. 'கவர்மென்டே கூப்பிடுது, போய்ப் போட்டுட்டு வந்துடுங்கப்பா' என்று நீங்கள். 'எனக்கு ஒண்ணும் வேணாம்' என்று அப்பா. கடைசியில் உங்கள் கட்சி ஜெயித்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, முறை வந்ததும் அந்த சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'கொரோனா வந்துச்சா சார்?'

'வந்துச்சும்மா. குணமாகிப் பத்து நாள் ஆச்சு.'

'அப்ப மூணு மாசம் கழிச்சு வாங்க.'

அவ்வளவுதான். ஆட்டோ காசு தண்டம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் உங்கள் காதோரம் சொன்னார்: 'ஸ்டாக் இருக்காது தம்பி. அதான் இப்படிச் சொல்றாங்க.'

அவர் சொன்னது நிஜமா? அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது? ஏன் மூன்று வாரம் இல்லை? ஏன் மூன்று வருடம் இல்லை? யாராவது உட்கார்ந்து யோசித்துத்தான் போட்டார்களா, இல்லை ஒரு அதிகாரி குத்துமதிப்பாக அடித்துவிட்ட நம்பரா?

யோசித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. இருநூறு வருடத்துக்கும் மேலாக யோசித்தார்கள். அந்தக் கதைதான் இது.

*

எல்லாத் தடுப்பூசிக் கதையும் எட்வர்ட் ஜென்னரிடம்தான் தொடங்கும். இதுவும் அப்படியே. இங்கிலாந்தில் பெர்க்லி என்கிற சின்ன ஊர். 1796 மே 14. மாட்டம்மை கண்ட ஒரு பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்கிற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார் ஜென்னர். ஜூலை மாதம் அதே பையனுக்கு நிஜமான பெரியம்மைக் கிருமியையே குத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. 1798ல் புத்தகம் போட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த வரி. ஒரு தரம் மாட்டம்மை கண்டால் போதும், ஆயுசுக்கும் பெரியம்மை வராது. ஜென்னர் அதை உறுதியாக நம்பினார். ஒரே கீறல். ஒரே தழும்பு. ஒரே கதை முடிந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை அது. பெரியம்மை வந்து பிழைத்தவனுக்கு மறுபடி அநேகமாக வருவதில்லை. வியாதி அப்படியென்றால் ஊசியும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

இயற்கையும் அவர் பக்கம் சாட்சி சொல்லத் தயாராகத்தான் இருந்தது. வட அட்லான்டிக் கடலில் ஃபேரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. டென்மார்க்குக்குச் சொந்தம். 1846ல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர், தட்டம்மையைக் கூடவே கொண்டு வந்தார். ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த இடம். சில மாதங்களில் சுமார் 6,000 பேர் படுக்கையில். டென்மார்க் அரசாங்கம் அனுப்பிய டாக்டர்களில் ஒருவர் பீட்டர் பானும். வயது 25. வீடு வீடாக ஏறி இறங்கிய அந்த இளைஞர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அந்தத் தீவுகளுக்கு அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781ல். அப்போது அது கண்டு பிழைத்து இன்னும் உயிரோடிருந்த கிழவர் கிழவிகள் 98 பேரை அவர் தேடிப் பிடித்தார். அதில் ஒருத்தருக்குக்கூட இந்தத் தடவை வரவில்லை. 65 வருடம்! நேற்று சாப்பிட்டது நமக்கு மறந்துவிடுகிறது. உடம்பு 65 வருடத்துக்கு முந்தின எதிரியை ஞாபகம் வைத்திருந்தது.

தட்டம்மை விஷயத்தில் அது சரி. ஆனால் எல்லா வியாதியும் தட்டம்மை இல்லை. எல்லா ஊசியும் வியாதி இல்லை. இங்கேதான் ஜென்னர் சறுக்கினார்.

*

1811. லண்டன். எர்ல் கிராஸ்வெனர் என்கிற பெரிய பிரபுவின் மகன் ராபர்ட்டுக்குப் பெரியம்மை கண்டது. வயது பத்து. கடுமையாகக் கண்டது. இதிலென்ன செய்தி என்கிறீர்களா? கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பையனுக்கு அம்மை குத்தியவர் வேறு யாருமில்லை, சாட்சாத் ஜென்னரேதான்!

லண்டன் சும்மா இருக்குமா? 'பார்த்தாயா, பார்த்தாயா' என்று எதிரிகள் குதித்தார்கள். ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. பிழைக்க மாட்டான் என்று நினைத்த பையனுக்கு, பாதியில் வியாதி சட்டென்று இறங்கிவிட்டது. எழுந்துவிட்டான். எழுந்தவன் 92 வயது வரை வாழ்ந்தான். ஊசியின் பலம் குறைந்திருந்தது, ஆனால் மொத்தமாகப் போய்விடவில்லை. அதுதான் அவனைக் காப்பாற்றியது என்றார்கள் ஜென்னர் பக்கத்து டாக்டர்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா? 'ரெண்டு ஊசி போட்டும் கொரோனா வந்துடுச்சே?' 'வந்துச்சு சார், ஆனா ஐ.சி.யூ. போகாம தப்பிச்சீங்களே!' 2021லும் 2022லும் நாம் பேசிய வசனத்தை லண்டன்காரர்கள் 1811லேயே பேசி முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கேஸ்கள் ஊர் ஊராகப் பெருகின. 1820களில் ஐரோப்பா முழுக்க, குழந்தையில் அம்மை குத்திக்கொண்டவர்கள் வாலிபத்தில் பெரியம்மையில் விழுந்தார்கள். ஜென்னர் 1823ல் இறந்துபோனார். ஆயுசுக்கும் ஒரே கீறல் என்கிற நம்பிக்கையும் அவரோடு மெல்ல மெல்லப் போனது.

அப்படியென்றால் என்ன செய்வது? மறுபடி குத்துவது! இன்று நாம் பூஸ்டர் என்கிறோமே, அந்த யோசனையை முதலில் பெரிய அளவில் கையில் எடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். அதுவும் ராணுவத்தில். பிரஷ்யப் படையில் 1834லிருந்து, சேருகிற ஒவ்வொருத்தனுக்கும் மறுபடி அம்மை குத்தினார்கள். சின்ன வயதில் குத்தியிருந்தாலும் சரி, கையை நீட்டு.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. அம்மை குத்தினால் அது வேலை செய்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீறிய இடத்தில் கொப்புளம் எழும்பினால், அவன் உடம்பில் பழைய பாதுகாப்பு தேய்ந்துபோயிருந்தது என்று அர்த்தம். ஒன்றுமே எழும்பாவிட்டால், பாதுகாப்பு இன்னும் பலமாக இருக்கிறது, குத்தினது வீண் என்று அர்த்தம். லேப் கிடையாது. ரத்தப் பரிசோதனை கிடையாது. சிப்பாயின் புஜம்தான் ரிப்போர்ட். அப்படிப் பார்த்தபோது, கணிசமான வாலிபர்களுக்குக் கொப்புளம் எழும்பியது. அண்மையில் அம்மை கண்டவனுக்கும் அண்மையில் குத்திக்கொண்டவனுக்கும் எழும்புவது அபூர்வம்.

1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம். துப்பாக்கிகளோடு பெரியம்மையும் களத்தில் இறங்கியது. மறுபடி மறுபடி குத்திக்கொண்ட பிரஷ்யப் படையில் அம்மையால் செத்தவர்கள் சில நூறு பேர். அந்த ஒழுங்கில்லாத பிரெஞ்சுப் படையில் பல ஆயிரம். ஆனால் பிரெஞ்சுக் கைதிகள் வழியாக அம்மை ஜெர்மனிக்குள் நுழைந்து சிவிலியன்களைப் பிடித்துக்கொண்டது. மறு ஊசி போட்டுக்கொள்ளாத சாதாரண ஜனங்கள். பிரஷ்யாவில் மட்டும் 1871, 72 இரண்டே வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். படைவீரன் பிழைத்தான். அவன் வீட்டுக் குழந்தை செத்தது.

இந்த அடியில் பிறந்ததுதான் 1874ஆம் வருடத்து ஜெர்மன் தடுப்பூசிச் சட்டம்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் அப்பாவின் கேள்விக்கு முதல் எழுத்துபூர்வமான பதில்களில் ஒன்று இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

சட்டம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, குழந்தை பிறந்த அடுத்த வருடம் முடிவதற்குள் அம்மை குத்தியாக வேண்டும். இரண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு 12 வயதில் மறுபடி குத்த வேண்டும். அதாவது பூஸ்டர். ஆனால் இரண்டாவதற்கு ஒரு விலக்கு. கடந்த ஐந்து வருடத்துக்குள் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மை வந்து போயிருந்தால், அல்லது கடந்த ஐந்து வருடத்துக்குள் வெற்றிகரமாக அம்மை குத்தியிருந்தால், டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் காட்டு, இப்போது வேண்டாம்.

புரிகிறதா? 'கொரோனா வந்துச்சா சார்?' என்று சிஸ்டர் கேட்டாரே, அதே கேள்வி. 'மூணு மாசம்' என்றாரே, அதன் தாத்தா இந்த ஐந்து வருடம். வியாதி வந்து போனதையும் ஊசி போட்டதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டில் எது நடந்திருந்தாலும் கொஞ்ச காலம் பொறு என்று ஒரு தேசம் 1874லேயே சட்டம் எழுதிவிட்டது.

விளைவு? ஜெர்மனியில் பெரியம்மைச் சாவு மளமளவென்று இறங்கியது. பொதுஜனங்களுக்கு மறு ஊசியைக் கட்டாயமாக்காத இங்கிலாந்தில், 1901-02ல்கூட லண்டனைப் பெரியம்மை பிடித்து ஆட்டியது. ஜென்னரின் சொந்த நாட்டில்!

சட்டம் சரி. ஆனால் ஏன்? ஏன் உடனே போட்டால் பிரயோஜனமில்லை? அது ஜெர்மானியர்களுக்கும் தெரியாது. புஜத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அனுபவம், அவ்வளவுதான். காரணம் தெரிய இன்னொரு அரை நூற்றாண்டு ஆனது.

1921. லண்டனில் வெல்கம் ஆராய்ச்சிக்கூடம். அலெக்சாண்டர் கிளென்னி என்கிற விஞ்ஞானி, தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சோதனைக்குக் குதிரைகளும் கினிப் பன்றிகளும். முதல் ஊசி போட்டார். எதிர்ப்பு மெல்ல, சோம்பலாக, கொஞ்சமாக எழுந்தது. இடைவெளி விட்டு இரண்டாவது ஊசி போட்டார். அடேயப்பா! எதிர்ப்பு விறுவிறுவென்று, பல மடங்காகப் பாய்ந்தது. முதல் ஊசி அறிமுகம். இரண்டாவது ஊசி ஞாபகம். நடுவில் இருக்கிற இடைவெளி? அது சும்மா கழிகிற காலம் இல்லை. உடம்பு படிக்கிற காலம்.

எங்கே படிக்கிறது? கழுத்திலும் அக்குளிலும் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அந்த நிணநீர் முடிச்சுகள்தான் பள்ளிக்கூடம். கிருமியோ ஊசியோ உள்ளே வந்ததும், அங்கே ஒரு பயிற்சி முகாம் தொடங்குகிறது. எதிரியின் முகத்தைச் சரியாகப் பிடிக்காத செல்களைக் கழித்து, நன்றாகப் பிடிக்கிறவற்றைப் பெருக்கி, மறுபடி கழித்து, மறுபடி பெருக்கி... இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் அலி எல்லெபெடி என்கிற விஞ்ஞானியின் குழு, ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டவர்களின் அக்குள் முடிச்சுகளில் ஊசி விட்டுப் பார்த்து 2021ல் எழுதியது: முதல் டோஸ் போட்டு 15 வாரம் கழித்தும் சிலருக்கு முகாம் நடந்துகொண்டிருக்கிறது! பதினைந்து வாரம் என்றால் மூன்றரை மாதம்.

இட்லிக்கு மாவு ஆட்டின உடனே ஊற்றுவோமா? ராத்திரி முழுக்கப் பொங்க விட வேண்டும். அவசரப்பட்டால் இட்லி வராது, கல் வரும். அந்த மாதிரிதான் இதுவும்.

இன்னொரு காரணமும் உண்டு. வியாதி வந்து போன கையோடு ரத்தத்தில் ஆன்ட்டிபாடிகள் நிரம்பி வழியும். அப்போது ஊசி போட்டால், மருந்து உள்ளே நுழைந்ததும் அவை பாய்ந்து அமுக்கிவிடும். படிக்க வேண்டிய செல்கள் பாடத்தைப் பார்ப்பதற்குள் புத்தகத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனுக்கு மறுபடி இலை போட்டால் என்ன ஆகும்? அதேதான்.

இது கற்பனை இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தையிடமே இதற்குச் சாட்சி இருக்கிறது. தட்டம்மை ஊசியை ஏன் பிறந்தவுடன் போடுவதில்லை? தாயிடமிருந்து வந்த ஆன்ட்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் இருக்கும். அவை ஊசியை அமுக்கிவிடும். அமெரிக்காவில் 1963ல் இந்த ஊசி வந்தபோது 9 மாதத்தில் போடச் சொன்னார்கள். சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்து 1965ல் 12 மாதம் என்று மாற்றினார்கள். 1976ல் 15 மாதம் என்றார்கள். தள்ளத் தள்ள ஊசி நன்றாகப் பிடித்தது.

அப்படியானால் இந்தியாவில் ஏன் இன்னும் 9 மாதம் முடிந்தவுடன் முதல் ஊசி?

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இங்கே தட்டம்மை 15 மாதம் வரை காத்திருக்காது. அதற்குள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும் பரவாயில்லை, இப்போதே போடு; 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று போட்டுச் சரிக்கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்.

ஆக, ஊசி விஷயத்தில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று உடம்புக்குள். அது 'பொறு, பொறு' என்கிறது. இன்னொன்று தெருவில். அது 'சீக்கிரம், சீக்கிரம்' என்கிறது. எந்த இடைவெளியும் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட ஒரு சமரசம்தான்.

*

இப்போது பெஞ்சுப் பெரியவருக்கு வருவோம். 'ஸ்டாக் இருக்காது' என்றாரே.

அவரைப் பைத்தியக்காரர் என்று சொல்ல முடியாது. 2021ல் ஸ்டாக் இல்லாமல் போன கதை நம் கண் முன்னால் நடந்ததுதானே. பிரிட்டன் 2020 டிசம்பர் 30 அன்று, இரண்டு டோஸுக்கு நடுவில் 12 வாரம் வரை இடைவெளி விடலாம் என்று அறிவித்தது. வெளிப்படையான காரணம், இருக்கிற மருந்தை நிறையப் பேருக்கு முதல் டோஸாகக் கொடுப்பது. 21 நாளுக்கு மேல் தாங்கும் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை என்றது ஃபைசர் கம்பெனி. டாக்டர்கள் கொதித்தார்கள். இந்தியாவிலும் கோவிஷீல்டு இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச்சில் 6 முதல் 8. மே 13 அன்று 12 முதல் 16. அப்போது ஊரெல்லாம் இரண்டாவது அலை, ஊசி மையங்களின் வாசலில் 'ஸ்டாக் இல்லை' போர்டு. சந்தேகம் வராதா?

ஆனால் பஞ்சத்தில் எடுத்த முடிவு, உடம்பின் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. கோவிஷீல்டின் மூல மருந்தான ஆக்ஸ்ஃபோர்டு ஊசியின் சோதனை முடிவுகள் 2021 பிப்ரவரியில் வந்தபோது, 6 வாரத்துக்குள் இரண்டாவது டோஸ் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு 55 சதவீதம். 12 வாரம் பொறுத்தவர்களுக்கு 81 சதவீதம். கிளென்னியின் குதிரைகள் சொன்ன அதே பாடம்.

உடனே 'அப்ப பொறுத்தா நல்லது' என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கடிகாரம் அடித்தது. டெல்டா வந்தது. ஒரே டோஸோடு காத்திருப்பவர்களுக்கு அதற்கெதிரான பாதுகாப்பு வெறும் 33 சதவீதம்தான் என்று பிரிட்டனின் புள்ளிவிவரம் 2021 மே மாதம் சொன்னது. பிரிட்டன் அந்த மாதமே 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடைவெளியை 8 வாரமாகக் குறைத்தது. டிசம்பரில் சரியாக இருந்தது மே மாதத்தில் தப்பாகிவிட்டது. விஞ்ஞானம் மாறவில்லை. தெரு மாறிவிட்டது.

வியாதி வந்தவர்கள் கதையும் இப்படியே. 2021 ஜனவரியில் இந்தியாவில் ஊசி தொடங்கியபோது, கொரோனா வந்தவர்கள் குணமாகி 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அந்த வருடம் மே 19ல் அது மூன்று மாதமானது. 2022 ஜனவரி 21ல் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: அந்த மூன்று மாதம் முன்னெச்சரிக்கை டோஸுக்கும் பொருந்தும். சிஸ்டர் கையிலிருந்தது அந்த உத்தரவுதான்.

மற்ற நாடுகள்? பிரிட்டன் பெரியவர்களுக்கு நான்கு வாரம் போதும் என்றது. அமெரிக்கா, வேண்டுமானால் மூன்று மாதம் தள்ளிப்போடலாம், ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர் உடனேகூடப் போட்டுக்கொள்ளலாம் என்றது. ஆஸ்திரேலியா 2023ல், கடைசி ஊசியோ கடைசித் தொற்றோ எதுவானாலும் அதிலிருந்து ஆறு மாதம் என்றது. வியாதியையும் ஊசியையும் ஒரே தட்டில் வைத்த 1874 சட்டம் ஞாபகம் வருகிறதா?

நான்கு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம். ஏன் ஆளுக்கொன்று? ஒருத்தருக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாததால் இல்லை. ஒவ்வொரு தேசமும் தன் தெருவின் கடிகாரத்தையும் பார்த்து மணி சொன்னது. 2022ல் 'செல்' என்கிற ஆராய்ச்சி இதழில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொற்று வந்து 180 நாளுக்குள் பூஸ்டர் போட்டவர்களுக்கு உடம்பு மந்தமாகத்தான் அசைந்தது. அதற்கு மேல் பொறுத்தவர்களுக்கு நன்றாகத் துள்ளியது. சீக்கிரம் போட்டவர்களுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. லாபம் குறைவு, அவ்வளவே.

*

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு 'வியாதி வந்தாலே பூஸ்டர் மாதிரிதானே, வந்துட்டுப் போகட்டும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊசியும் தொற்றும் சேர்ந்த பாதுகாப்பு பலமானது என்பது உண்மைதான். ஆனால் அது பிழைத்தவர்கள் கணக்கு. பானும் எண்ணிய 98 பேரும் 1781ல் பிழைத்தவர்கள். அந்த வருடம் பிழைக்காதவர்களை அவர் எண்ணியிருக்க முடியாது. கல்லறைக்குப் போய்க் கேட்க முடியாதே.

அதேபோல, பொறுப்பது எல்லாருக்குமான விதி என்றும் நினைக்காதீர்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், தள்ளாத வயதானவர்... இவர்களுக்குத் தெருவின் கடிகாரம் ரொம்ப சத்தமாக அடிக்கிறது. இவர்களுக்கு எப்போது என்பதை அவர்களின் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் மாமா இல்லை.

2023 மே 5ல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. கோவின் எஸ்.எம்.எஸ். நின்று எவ்வளவோ நாளாகிறது. ஆனால் இந்தக் கேள்வி நிற்காது. நாளைக்கு வேறொரு கிருமி வரும். வேறொரு ஊசி வரும். வேறொரு அப்பா வரிசையில் நிற்பார்.

நம் அப்பா என்ன ஆனார்? மூன்று மாதம் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார். 2022 ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வரிசை, அதே சிஸ்டர். 'கொரோனா வந்துச்சா சார்?' 'வந்துச்சும்மா. மூணு மாசம் ஆச்சு.' 'கையைக் காட்டுங்க.'

ஒரு வினாடி. சுருக்கென்று ஒரு குத்து. அதற்குப் பின்னால் ஜென்னரின் தவறு இருந்தது, பிரஷ்யச் சிப்பாயின் புஜம் இருந்தது, ஐந்து வருடம் பொறு என்ற ஒரு பழைய சட்டம் இருந்தது, கிளென்னியின் குதிரை இருந்தது. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'காபி குடிச்சுட்டுப் போலாமா?'